கடற்கரை ஊருக்குப் போன திருநாள் ரயில்கள்

(நமது பங்கின் யூபிலி விழாவை முன்னிட்டு நடைபெற்ற மாலைச் சொற்பொழிவுகளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை கொடி, கோபுர விளக்கு, தேர், விருந்து. ஆனால் லேவியர் ஆகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்த்தால், யூபிலியின் முதற் பொருள் ஓய்வு என்பது விளங்கும். நிலத்திற்கு ஓய்வு, உழைப்பவனுக்கு விடுதலை, அவரவர் தம் வீட்டாரிடம் திரும்பிச் செல்லும் உரிமை. ஆகவே ஓய்வைப் பற்றி இந்த மாலையில் சிந்திப்பது பொருத்தமே. அதிலும், உழைக்கும் மக்களின் ஓய்வு எப்படி ஒரு ரயில் வண்டியில் ஏறிக் கடற்கரைக்குப் போயிற்று என்ற வரலாற்றைப் பார்க்கலாம் என்று எண்ணுகிறோம். ரயிலுக்கும் கோவிலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அந்த வண்டியின் முதல் மணி அடித்ததே ஒரு பங்குக் கோவிலில்தான்.

பாதுகாவலர் திருநாளில் பிறந்த விடுமுறை

இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் என்றொரு மாநிலப் பகுதி. நம் நாட்டுப் பருத்தியும் அமெரிக்கப் பருத்தியும் நூலாகித் துணியான இடம் அது. அங்கே ஊருக்கு ஊர் 'வேக்ஸ்' என்று ஒரு விடுமுறை உண்டு. 'வேக்' என்றால் விழித்திருத்தல். பழங்காலத்தில் பங்குப் பாதுகாவலரின் திருநாளுக்கு முந்தின இரவில் மக்கள் கோவிலில் கண்விழித்துச் செபிப்பார்கள். மறுநாள் திருப்பலி, அதன்பின் சந்தை, விளையாட்டு, விருந்து. நம் ஊர்த் திருநாளின் நற்கருணை ஆராதனையையும் சப்பரத்தையும் கடைத்தெருவையும் நினைத்துக்கொண்டால் போதும், அந்தக் காட்சி கண்முன் வந்துவிடும்.

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் திருச்சபை உரோமையிலிருந்து பிரிந்தது. கண்விழிப்பு மறைந்தது, புனிதரின் பெயரும் பலருக்கு மறந்துபோயிற்று. ஆனால் அந்த நாளில் வேலைக்குப் போவதில்லை என்ற வழக்கம் மட்டும் மக்களை விட்டுப் போகவில்லை. நூற்பாலைகள் எழுந்தபோது முதலாளிகள் இந்த விடுமுறையை ஒழிக்கப் பார்த்தார்கள். சங்கு ஊதியும் தொழிலாளர் வரவில்லை. இறுதியில் ஆலைக்காரர்களே இறங்கி வந்தார்கள். 'எப்படியும் ஆள் வரப்போவதில்லை. அந்த வாரத்தில் ஆலையை மூடிக் கொதிகலனைச் சுத்தம் செய்வோம், இயந்திரத்தைப் பழுது பார்ப்போம்' என்று முடிவு கட்டினார்கள். இப்படியாகப் புனிதரின் திருநாள் ஊர் முழுவதற்கும் ஒரு வார விடுமுறையாயிற்று.

ஒவ்வொரு ஊருக்கும் பாதுகாவலர் வேறு. ஆகவே திருநாள் வாரமும் வேறு. ஓல்டாம் ஒரு வாரம் என்றால், பிளாக்பர்ன் இன்னொரு வாரம். இந்தச் சிறு உண்மையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது பெரிய காரியம் செய்யும்.

ரயில் வந்தது

1830 செப்டம்பர் 15 அன்று லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் பாதை திறக்கப்பட்டது. அதுவரை ஏழைக்குத் தூரம் என்பது அவன் காலால் ஒரு நாளில் நடக்கக்கூடிய அளவுதான். 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்ற மரவேலைக்காரர் ஒரு புதுமை செய்தார். அவர் பாப்டிஸ்ட் சபையின் போதகர். குடி ஒழிப்புப் பணியில் ஊக்கமுள்ளவர். குடியை விடு என்று சொன்னால் மட்டும் போதுமா, குடிக்கப் போகிற நேரத்தில் மனிதன் போவதற்கு வேறோர் இடம் காட்ட வேண்டாமா என்று அவர் சிந்தித்தார். ரயில் கம்பெனியோடு பேசி, லெஸ்டரிலிருந்து லாஃப்பரோவுக்கு ஒரு தனி வண்டி ஏற்பாடு செய்தார். போக வர ஆளுக்கு ஒரு ஷில்லிங். ஏறத்தாழ 500 பேர் ஏறினார்கள். பிற்காலத்தில் உலகெங்கும் பெயர்பெற்ற சுற்றுலா நிறுவனத்திற்கு வித்து, கள்ளுக்கடைக்கு எதிராகப் போன இந்த ஒரு நாள் பயணமே.

1844ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. நாள்தோறும் ஒரு வண்டியாவது மூன்றாம் வகுப்பு மக்களை மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படாத கட்டணத்தில் ஏற்றிச் செல்ல வேண்டும். பெட்டிக்குக் கூரை இருக்க வேண்டும். மணிக்கு 12 மைலுக்குக் குறையாமல் ஓட வேண்டும். கூரை வேண்டும் என்று சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் ஏழைகள் எப்படிப் போனார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். திறந்த பெட்டியில் மழையிலும் கரிப்புகையிலும் நின்றுகொண்டே போனார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, 1846 ஏப்ரலில், ஐரிஷ் கடலோரம் இருந்த பிளாக்பூல் என்ற சிற்றூருக்கு ஒரு கிளைப் பாதை திறக்கப்பட்டது. அதுவரை வசதியுள்ள சிலர் கடற்குளியலுக்கென்று குதிரை வண்டியில் வந்து தங்கிய இடம் அது. இனி நடந்ததை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே குடியிருந்தோர் மட்டும் ஏறத்தாழ 47,000 பேர். ஒரு ரயில் பாதை ஒரு மணல்மேட்டை நகரமாக்கிவிட்டது.

ஊரே எழுந்து போன வாரம்

திருநாள் வாரம் வந்ததும் நூற்பாலை ஊர்களில் நடந்ததைக் கற்பனை செய்து பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆலைச் சங்கு நிற்கும். புகைபோக்கிகளில் புகை அடங்கும். ஆண்டு முழுவதும் கரிப்புகையின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு அந்த ஒரு வாரத்தில்தான் தங்கள் ஊர் வானமே கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதைப் பார்க்க ஊரில் ஆள் இருக்காது. குழந்தை குட்டிகளோடும் பெட்டி படுக்கையோடும் எல்லாரும் நிலையத்தில் நிற்பார்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தனி வண்டிகள் புறப்படும். ஒரே தெருவில் குடியிருந்தவர்கள் பிளாக்பூலிலும் ஒரே தெருவில் தங்குவார்கள். கடையும் அடைத்திருக்கும், பள்ளியும் மூடியிருக்கும்.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு விடை நமக்கு மிகவும் பயன்படும். அந்த விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. அந்த வாரம் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஆகவே தொழிலாளர் தாங்களே சேமிப்புச் சங்கங்கள் வைத்தார்கள். ஆலையிலும் ஞாயிறு பள்ளியிலும் தெருவிலும் வாரந்தோறும் சில காசுகள் கட்டுவார்கள். ஆண்டு முழுவதும் கட்டியது திருநாளுக்கு முன் மொத்தமாகக் கைக்கு வரும். நம் தாய்மார்கள் தீபாவளிச் சீட்டும் கிறிஸ்மஸ் சீட்டும் கட்டுவதைப் போன்றதே. யாரும் தருமம் செய்யவில்லை. எந்தப் பிரபுவும் டிக்கெட் வாங்கித் தரவில்லை. ஏழையின் கடற்கரையை ஏழையே காசு காசாகச் சேர்த்துக் கட்டினான்.

தங்கும் வீடுகளிலும் இதே சிக்கனம். பல வீடுகளில் விருந்தினர் தாங்களே கறியும் காய்கறியும் வாங்கிக் கொடுப்பார்கள். வீட்டுக்கார அம்மாள் சமைத்துத் தருவார். படுக்கைக்கும் சமைத்த கூலிக்கும் மட்டும் பணம். மேசையில் வைத்த உப்புக்கும் மிளகுக்கும் தனியாகக் காசு கேட்ட வீட்டுக்காரிகளைப் பற்றிக் கேலிக் கதைகள் இன்றும் அங்கே வழங்குகின்றன.

ஊர்களின் திருநாள் வாரம் வேறு வேறாக இருந்ததைச் சற்றுமுன் சொன்னோம் அல்லவா? அதுவே பிளாக்பூலை வாழவைத்தது. எல்லா ஊரும் ஒரே வாரத்தில் வந்திருந்தால் கடற்கரை தாங்கியிராது. மற்ற வாரங்களில் கடைக்காரன் பட்டினி கிடந்திருப்பான். ஒரு வாரம் ஓர் ஊர், மறு வாரம் இன்னோர் ஊர் என்று கோடை முழுவதும் கூட்டம் ஒழுங்காக வந்தது. ரயில் கம்பெனியும் அதே பெட்டிகளை வாரத்துக்கு ஓர் ஊராக மாற்றி மாற்றி ஓட்டியது. புனிதர்களின் பழைய திருநாள் அட்டவணை, எவரும் திட்டமிடாமலேயே, ரயில்களின் கால அட்டவணையாயிற்று.

ஊர் வளர்ந்தது. 1863இல் கடலுக்குள் நீளும் முதல் நடைபாலம், 1868இல் இரண்டாவது, 1893இல் மூன்றாவது. 1885இல் மின்சார டிராம். 1894இல் பாரிஸ் நகர ஈஃபல் கோபுரத்தைப் பார்த்துக் கட்டிய பெரிய இரும்புக் கோபுரம். 1879இல் எட்டு மின்விளக்குகளை ஏற்றிக் கடற்கரைச் சாலையை ஒளிரச் செய்தார்கள். அதைக் காணவே கூட்டம் வந்தது. பிற்காலத்தில் இலையுதிர் காலத்தில் ஆண்டுதோறும் விளக்கு அலங்காரம் வைத்து, கோடை முடிந்த பிறகும் தனி ரயில்கள் வரும்படி செய்துகொண்டார்கள். பிளாக்பூல் சென்ட்ரல் நிலையத்தில் மட்டும் 14 நடைமேடைகள் இருந்தன.

முகம் சுளித்தவர்கள்

எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. தெற்குக் கடற்கரையில் பிரைட்டன் என்ற ஊர் அரச குடும்பத்தின் ஓய்விடமாக இருந்தது. 1841இல் அங்கே ரயில் வந்தது. இலண்டனின் சாதாரண மக்களும் வரத் தொடங்கினார்கள். கூட்டத்தின் பார்வையிலிருந்து ஒதுங்கி வாழ முடியாத அந்த அரண்மனை விக்டோரியா மகாராணிக்குப் பிடிக்கவில்லை. 1850இல் அரண்மனை நகரத்துக்கே விற்கப்பட்டது. இளவரசர் கட்டிய மாளிகையில் இன்று யாரும் சீட்டு வாங்கிக்கொண்டு நுழையலாம்.

பக்திமான்களிலும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தனி ரயில் விடுவது ஆண்டவருடைய நாளைக் கெடுப்பது என்று பிரசங்கித்தார்கள். அவர்கள் கவலை வீண் அல்ல. ஆனால் வாரத்தில் ஆறு நாளும் விடிய முன் ஆலைக்குள் போய் இருட்டிய பின் வெளியே வருகிறவனுக்கு வேறு எந்த நாள் இருந்தது? 1871ஆம் ஆண்டு சர் ஜான் லபக் என்பவரின் முயற்சியால் வங்கி விடுமுறைச் சட்டம் வந்து, ஆகஸ்டின் முதல் திங்கட்கிழமை விடுமுறையாயிற்று. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றிய தம் புகழ்பெற்ற சுற்றுமடலில், ஞாயிறு ஓய்வு தொழிலாளிக்கு முதலாளி காட்டும் தயவு அல்ல, அவன் கடவுளுக்கும் தன் ஆன்மாவுக்கும் செலுத்த வேண்டிய கடமைக்குரிய உரிமை என்ற கருத்தைத் தெளிவாக்கினார். சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கான சட்டம் அந்நாட்டில் 1938இல்தான் வந்தது.

இருளும் ஒரு பக்கம் உண்டு

அன்பர்களே, இதுவரை சொன்னது ஒளிப்பக்கம். இனிச் சொல்லப்போவது மனத்தைக் கனக்கச் செய்யும்; ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

1861 ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை. பிரைட்டன் கடற்கரையிலிருந்து இலண்டனை நோக்கி மூன்று வண்டிகள் சில நிமிட இடைவெளியில் புறப்பட்டன. இரண்டு தனி வண்டிகள், ஒன்று வழக்கமான வண்டி. கிளேட்டன் குகைப் பாதையின் வாயிலில் இருந்த சைகைக்காரரின் கருவி சரியாக வேலை செய்யவில்லை. மறு முனையில் இருந்தவரோடு பரிமாறிய செய்தியும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. இருட்டுக் குகைக்குள் ஒரு வண்டியின் மேல் மற்றொரு வண்டி மோதியது. 23 பேர் மாண்டார்கள். விசாரணையில் வெளிவந்த ஒரு செய்தியைக் கேளுங்கள். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு பெறுவதற்காக அந்தச் சைகைக்காரர் அன்று தொடர்ந்து 24 மணி நேர வேலை ஏற்றிருந்தார். ஆயிரம் பேரின் ஓய்வுப் பயணத்தைக் காக்க வேண்டியவனுக்கு ஓய்வு இல்லை.

அடுத்தது 1889 ஜூன் 12. அயர்லாந்தில் அர்மா என்ற ஊர். அங்கே மெதடிஸ்ட் சபையின் ஞாயிறு பள்ளி, பிள்ளைகளைக் கடலோர ஊரான வாரன்பாயின்டுக்கு ஒரு நாள் பயணம் அழைத்துப்போக ஏற்பாடு செய்திருந்தது. பிள்ளைகள் கொடி பிடித்து, இசைக் குழுவோடு ஊர்வலமாக நிலையத்துக்கு வந்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் மிகுதி. பெட்டிகளைக் கூட்டினார்கள், மொத்தம் 15. பெற்றோரும் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 940 பேர். டிக்கெட் இல்லாதவர் ஏறாதபடி கதவுகளைப் பூட்டினார்கள். இஞ்சினோ ஒன்று.

ஊரைத் தாண்டியதும் 75 அடிக்கு ஓர் அடி வீதம் உயரும் நீண்ட ஏற்றம். உச்சிக்குச் சற்று முன்னே இஞ்சின் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. பின்னாலிருந்து அடுத்த வண்டி வரும். அதுவரை காத்திருந்து அதன் இஞ்சினைக் கொண்டு தள்ளச் செய்திருக்கலாம். ஆனால் தாமதமாகிறதே என்ற அவசரம். வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாம் என்று முடிவு செய்தார்கள். பின்னால் நின்ற பத்துப் பெட்டிகளைக் கடைசிப் பெட்டியின் கைப் பிரேக்கும், சக்கரத்தடியில் வைத்த கற்களும் தாங்கின. அந்த நாள் பிரேக் அமைப்பில், இஞ்சினோடு குழாய் இணைந்திருக்கும் வரைதான் பிடி உண்டு. கழற்றினால் பிடி விட்டுவிடும். முன்பாதி புறப்படும்போது சற்றே பின்னோக்கி அசைந்தது. அந்தச் சிறு இடிப்பே போதும், கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் பள்ளத்தை நோக்கி ஓடத் தொடங்கின. கதவுகள் பூட்டியிருந்தன.

அதே பாதையில் அடுத்த வண்டி ஏறி வந்துகொண்டிருந்தது. முன்னே போன வண்டி அடுத்த நிலையம் சேர்ந்ததா என்று கேட்டறிந்து அனுப்பும் முறை அங்கே இல்லை. இத்தனை நிமிடம் கழிந்தால் அடுத்ததை விடலாம் என்பதே வழக்கம். மோதலில் ஏறத்தாழ 80 பேர் மாண்டார்கள். அவர்களில் சிறு பிள்ளைகளும் பலர். கடலைக் காண்போம் என்று காலையில் தலைவாரிக்கொண்டு புறப்பட்டவர்கள்.

மூன்று மாதத்திற்குள், அதே ஆண்டு ஆகஸ்டு முடிவதற்குள், பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. ஒரு பகுதிப் பாதையில் ஒரு வண்டி இருக்கும்போது மற்றொன்று நுழையக்கூடாது. சைகையும் பாதை மாற்றும் கருவியும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்க வேண்டும். பயணி வண்டிகள் அனைத்திலும் தானே இயங்கும் பிரேக் வேண்டும் என்பன அதன் விதிகள். தானே இயங்கும் பிரேக் என்றால் என்ன? குழாய் அறுந்தால் பிடி விடாது. அறுந்த உடனே தானாக இறுகப் பிடிக்கும். வண்டி பிரிந்தால் இரு பாதியும் நின்றுவிடும். அந்த விதிகள் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டவை; செலவு அதிகம் என்று கம்பெனிகள் தள்ளிப்போட்டவை. இன்று நாம் ரயிலில் நிம்மதியாகத் தூங்கிப் போகிறோம் என்றால், அந்தத் தூக்கத்திற்கு விலை கொடுத்தவர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் உண்டு.

மங்கிய காலம்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் சில ஆண்டுகள் பிளாக்பூல் வண்டிகள் நிரம்பி வழிந்தன. பின்னர் மோட்டார் கார் வந்தது. வெளிநாட்டு வெயிலுக்கு அழைத்துச்செல்லும் மலிவான விமானம் வந்தது. நூற்பாலைகளும் ஒவ்வொன்றாக மூடின. 1963இல் ரயில்வே தலைவர் பீச்சிங் அளித்த அறிக்கை ஒரு கணக்கைக் காட்டியது. கோடை நெரிசலுக்கென்று வைத்திருந்த பெட்டிகளில் 2,000 பெட்டிகள் ஆண்டில் பத்து முறைக்கு மேல் தேவைப்படவில்லை. மற்ற நாளெல்லாம் அவை பக்கப் பாதைகளில் வெறுமனே நின்றன. கணக்குப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது வீண். 1964 நவம்பரில் 14 நடைமேடை கொண்ட சென்ட்ரல் நிலையம் மூடப்பட்டது. வடக்கு நிலையமும் தெற்கு நிலையமும் எஞ்சின.

நம் கடற்கரை

இதெல்லாம் கடல் கடந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். திருநாளுக்காகக் கடற்கரை ஊருக்கு ஓடும் தனி ரயில் இன்றும் உயிரோடு இருப்பது நம் சோழமண்டலக் கரையில்தான்.

தென்னாட்டின் பழைய ரயில் பாதைகளில் ஒன்று நாகப்பட்டினத்திலிருந்து தொடங்கியது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி 1861, 1862ஆம் ஆண்டுகளில் நாகையிலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சி வரை அதைத் திறந்தது. முதலில் அது அகலப் பாதை. 1874இல் அந்தக் கம்பெனி தென்னிந்திய ரயில்வேயில் இணைந்தது. 1875இல் பாதையை மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். துறைமுகத்திற்கும் நெல்லுக்கும் போட்ட பாதை அது. ஆனால் நாகூர் கந்தூரிக்குப் போகும் இஸ்லாமியச் சகோதரரும், வேளாங்கண்ணி அன்னையைக் காணப் போகும் எல்லா மதத்தவரும் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

அந்நாளில் திருப்பயணிகளை ரயில்வேக்காரர் நடத்திய விதம் நினைக்க வேதனை தருவது. இந்தியாவின் பெருவிழாக்களுக்குச் சரக்குப் பெட்டிகளில் மக்களை அடைத்துக் கொண்டுபோன காலம் உண்டு. மூன்றாம் வகுப்பின் அவலத்தைப் பற்றிக் காந்தியடிகள் 1917இல் ஒரு சிறு நூலே வெளியிட்டார். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974இல் எடுபட்டது.

வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் நாகையில் இறங்கி, மீதி ஏறத்தாழ பத்து கிலோமீட்டரை மாட்டு வண்டியிலோ பேருந்திலோ கால்நடையாகவோ கடந்தார்கள். பம்பாயிலிருந்து வந்தவர்கள் சென்னை சென்ட்ரலில் அகலப் பாதை வண்டியை விட்டு இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு எழும்பூருக்குப் போய் மீட்டர் பாதை வண்டி ஏற வேண்டும். 1962இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் அத்திருத்தலத்தைப் பேராலய நிலைக்கு உயர்த்திய பின் கூட்டம் மேலும் பெருகியது. பாதை மறுபடி அகலமாயிற்று. 2010இல் நாகையிலிருந்து வேளாங்கண்ணிக்கே ரயில் பாதை திறக்கப்பட்டது. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் தொடங்கி செப்டம்பர் 8 பிறப்புப் பெருவிழா வரை, மும்பை, கோவா, செகந்திராபாத், கேரளம் என்று பல திசைகளிலிருந்தும் தனி வண்டிகள் வந்து நிற்கக் காண்கிறோம். 2020இல் கொள்ளைநோய் காரணமாகத் திருப்பயணிகள் இன்றியே திருநாள் நடந்தது.

கடலின் கோபத்தையும் இந்தக் கரை அறியும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் அடித்தபோது, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணி வண்டியைக் கடல் விழுங்கியது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஞாயிறு, வேளாங்கண்ணிக் கரையில் நின்ற திருப்பயணிகள் நூற்றுக்கணக்கானோரை ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. திருத்தலம் என்பதால் கடல் கடலாக இல்லாமற் போவதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

யூபிலி ஆண்டின் நிறைவாக நம் பங்கும் வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் போக எண்ணியிருக்கிறது. ஆகவே இந்த வரலாற்றிலிருந்து நமக்கு மூன்று காரியங்கள்.

முதலாவது, யாரும் விடுபடலாகாது. நம் பங்கில் ஐம்பது வயதாகியும் ஒருமுறைகூட அன்னையின் திருத்தலத்தைக் காணாதவர்கள் உண்டு. விருப்பம் இல்லாமல் அல்ல. இரண்டு நாள் கூலி போய்விடும். நான்கு பேருக்கு டிக்கெட் வாங்க வழியில்லை. லங்காஷயர் நெசவாளி கண்ட வழி நமக்கும் உண்டு. ஒவ்வொரு அன்பியத்திலும் வாரம் ஒரு சிறு தொகை கட்டும் திருப்பயணச் சீட்டு ஒன்றை இன்றே தொடங்குவோம். கணக்குப் புத்தகம் கட்டுபவர் கையிலேயே இருக்கட்டும். இயன்றவர் ஒரு பங்கு கூடுதலாகக் கட்டலாம். யாருக்காக என்று பெயர் கேட்க வேண்டாம். கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் அறிவிப்புப் பலகையில் வராது.

இரண்டாவது, அவசரமும் நெரிசலும் பக்தி ஆகாது. அர்மாவில் பாவமான எண்ணம் எதுவும் யாருக்கும் இல்லை. நல்ல மனிதர்கள், நல்ல நோக்கம், பிள்ளைகளுக்காக ஒரு நல்ல நாள். ஆனாலும் ஏறக்கூடிய அளவுக்கு மேல் ஏற்றினார்கள். காத்திருக்க வேண்டிய இடத்தில் காத்திருக்கவில்லை. சரக்கு லாரியிலும் மினி வண்டியிலும் ஆட்களை அடைத்துக்கொண்டு போகும் பழக்கத்தை நம் பங்கு இனி விட்டுவிட வேண்டும். அது சட்டத்திற்கு விரோதம். அதைவிட, நம்பி ஏறும் தாய்க்கும் குழந்தைக்கும் துரோகம். இடம் போதாவிட்டால் இரண்டு தவணையாகப் போவோம். நூற்பாலை ஊர்கள் வாரம் மாற்றிப் போனதுபோல, நாமும் செப்டம்பர் எட்டாம் நாளிலேயே எல்லாரும் போக வேண்டும் என்ற பிடிவாதத்தை விடலாம். அன்னை மற்ற நாளிலும் அங்கேதான் இருக்கிறார்.

மூன்றாவது, நம்மை ஏற்றிச் செல்பவனும் மனிதன். 24 மணி நேரம் கண்விழித்த சைகைக்காரரை மறக்க வேண்டாம். இரவு முழுவதும் வண்டி ஓட்டிவந்த ஓட்டுநரை, 'திருப்பலி முடிந்ததும் உடனே கிளம்பு, இன்னொரு நடை இருக்கிறது' என்று நாம் விரட்டலாகாது. அவருக்குப் படுக்க இடமும் வயிற்றுக்குச் சோறும் கொடுத்துவிட்டுத்தான் நாம் கோவிலுக்குள் போக வேண்டும். பிறருடைய தூக்கத்தைப் பறித்து நாம் பெறும் ஓய்வு, யூபிலி ஓய்வு அல்ல.

அன்பு மக்களே, ஒரு காலத்தில் திருநாளுக்கு முந்தின இரவில் கோவிலில் கண்விழித்திருந்த மக்களின் வழக்கம், காலம் மாறி ரயில் ஏறிக் கடலுக்குப் போயிற்று. கடல் கிடைத்தது, ஆனால் எதற்காக விழித்திருந்தோம் என்பது அவர்களுக்கு மறந்துபோயிற்று. நமக்கோ கோவிலும் உண்டு, கடலும் உண்டு, அங்கே போக ரயிலும் உண்டு. விழிப்பும் ஓய்வும் சேர்ந்ததாக நம் பயணம் அமையட்டும். புறப்படுகிற எண்ணிக்கை குறையாமல் வீடு திரும்பும்படி, விடிவெள்ளியாம் அன்னை மரியாள் நமக்கு வழித்துணையாக வருவாராக.

அடுத்த ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும், சீட்டில் சேர விரும்புவோர் தத்தம் அன்பியப் பொறுப்பாளரிடம் பெயர் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

— பங்குத்தந்தை